குட்டைத் தண்ணீரின் வரவு செலவு

வைகை அணைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கோடையில் நீர்மட்டம் இறங்கி வெயில் ஏறும்போது, சில வருஷங்களில் அணைத் தண்ணீரே பச்சை கரைத்தது மாதிரி ஆகிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் போட்ட உரமும், வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும் ஆற்றோடு வந்து இங்கே தேங்குகின்றன. தண்ணீர் வற்ற வற்ற, அதிலுள்ள சத்து அடர்த்தியாகிறது. அதைத் தின்றுதான் பாசி பெருகுகிறது. 71 அடி வரை நீர் தேக்கும் அணைக்கே இந்தப் பாடு என்றால், பத்து சென்ட் குட்டை எம்மாத்திரம்?

"அண்ணே, குட்டைத் தண்ணி பச்சையா ஆயிருச்சு, என்னத்தப் போடலாம்?" இப்படித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். போடுவதற்கு ஒன்றுமில்லை, எடுப்பதற்குத்தான் இருக்கிறது. வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கமோ என்னவோ, எனக்கு இது வரவு செலவாகத்தான் தெரிகிறது.

வரவு எங்கிருந்து?

மீன் தீவனம்தான் பெரிய வரவு. கடலைப் புண்ணாக்கும் தவிடும் போடுகிறோம். அதிலுள்ள தழைச்சத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் மீனின் உடம்பில் சேர்கிறது. மிச்சமெல்லாம் கழிவாகத் தண்ணீரிலேயே நிற்கிறது. அடுத்தது சாணம். நம்மவர்கள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டால் என்ன என்று நினைக்கிறார்கள். பாசிக்கு யூரியாவும் ஒன்றுதான், சாணமும் ஒன்றுதான். தொழுவம் கழுவிய தண்ணீர், மழையில் கரைந்து வரும் வயல் மண், கரை மரத்தின் சருகு எல்லாமே வரவுதான்.

பச்சை எவ்வளவு இருக்கலாம்?

மீன் குட்டை கண்ணாடி மாதிரி தெளிந்திருக்க வேண்டியதில்லை. இளம்பச்சைதான் நல்லது. நுண்பாசியைத் தின்று வளரும் நுண்ணுயிரிகளே கட்லாவுக்கு முக்கிய இரை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வெயில் நேரத்தில் கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும் சமயத்தில் உள்ளங்கை மறைந்தால் சரியான அளவு. முழங்கைக்கு மேலும் உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் இரை குறைவு. மணிக்கட்டு நனையும்போதே மறைந்துவிட்டால் ஆபத்து.

என்ன ஆபத்து? பகலில் பிராணவாயுவைத் தரும் பாசி, ராத்திரியில் அதையே இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் பற்றாக்குறை அதிகம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் எச்சரிக்கை. மோடம் போட்ட நாட்களில் இன்னும் மோசம். உடனே தீவனத்தை நிறுத்தி, மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிட வேண்டும்.

மயில்துத்தம் வேண்டாம்

எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர், கடையில் சொன்னார்கள் என்று மயில்துத்தம் கரைத்து ஊற்றினார். இரண்டாம் நாள் தண்ணீர் தெளிந்தது. மூன்றாம் நாள் விடியும்போது மீனெல்லாம் மிதந்தது. செத்த பாசி அழுகும்போது பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. பாசிக்குள் இருந்த சத்தோ எங்கேயும் போவதில்லை, தண்ணீருக்கே திரும்பி அடுத்த பாசிக்கு இரையாகிறது. தாமிரம் மட்டும் சேற்றில் தங்கிவிடும்.

செலவு எழுதும் வழிகள்

முதல் வழி பாசனம். பச்சைத் தண்ணீர் பயிருக்கு உரத்தண்ணீர். ஒரு சென்ட் குட்டையில் ஓரடித் தண்ணீர் என்பது சுமார் 12,000 லிட்டர். பத்து சென்ட்டில் ஓரடி இறக்கினால் 1,20,000 லிட்டருக்கு மேல் தென்னைக்கும் வாழைக்கும் பாயும். கழிவு அடியில்தான் தங்கும் என்பதால், உறிஞ்சு குழாயை அடிமட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். இந்தத் தண்ணீர் சொட்டுநீர்க் குழாயை அடைக்கும். வாய்க்காலில் விடுவதே மேல். இறக்கிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட வசதியிருக்கும்போது இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது செடிகள். மூங்கில் மிதவையில் வெட்டிவேர் நாற்றைக் கட்டி, வேர் மட்டும் தண்ணீரில் தொங்கும்படி விடலாம். தண்ணீர் நுழையும் வாய்க்காலில் கல்வாழை நடலாம். அல்லி இலை நிழல் தந்து பாசியை அடக்கும். எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக்கூடாது. அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்தால்தான் அது செலவுக் கணக்கு. அழுகவிட்டால் மறுபடி வரவு. ஆகாயத்தாமரையைச் சேர்க்காதீர்கள், வாய்க்கால் வழியே கண்மாய் வரை போய்விடும்.

மூன்றாவது, நூல் நூலாகப் படரும் பாசி. நீளக் கழியில் சுற்றி இழுத்தால் பாய் போல வரும். சாணத்தோடு சேர்த்து மட்கவைத்தால் நல்ல உரம். பெயின்ட் கொட்டியது போல மேலே படரும் நீலப்பச்சைப் பாசியிடம் மட்டும் கவனம் தேவை. நெல் வயலில் அது நண்பன். ஆனால் குட்டையில் படரும் சில வகைகளுக்கு விஷம் உண்டு. அந்தத் தண்ணீரை மாடு குடிக்க விடாதீர்கள்.

நான்காவது மீனே. சென்ட்டுக்கு 20 முதல் 40 குஞ்சுகள் போதும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து விட்டால் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் இரை தீரும். வெள்ளிக்கெண்டை நுண்பாசியையே தின்னும். புல்கெண்டை நீர்ச்செடிகளை மேயும். வெட்டிவேர், அல்லி வைத்தவர்கள் அதை விடவேண்டாம்.

பச்சை கூடியதும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சாணத்தை நிறுத்துங்கள், தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். அரைமணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். வாரம் ஒருமுறை கையை விட்டுப் பார்த்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எந்த மாதம் வரவு மிஞ்சுகிறது என்பது ஒரு வருஷத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.