மோடம் பேசிற்று, மடல் போகவில்லை

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு கடிதம் எழுதுவோமாயின், உறையின் மேல் கொழும்பு 13 என்று குறித்துவிட்டாற் போதும். எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதை நாம் எழுதுவதில்லை. அது தபாற்கந்தோரில் உள்ளவர்கள் அறிந்த காரியம். இணையத்திற் செல்லும் செய்தியும் இவ்வாறே சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் முகவரியைச் சுமந்து செல்கின்றது. அதனை எந்த வாசலால் வெளியே விடுவது என்று முதலிலே தீர்மானிப்பது நமது வீட்டுக் கணினிதான். அத்தீர்மானம் பிழைத்தால் நேர்வது யாது என்பதைத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டிய காலத்திற் பல குடும்பங்கள் பணம் கொடுத்தே கற்றன.

இலங்கையில் இணைய சேவை பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது 1995ஆம் ஆண்டில். அதன்பின் பல ஆண்டுகள் வீட்டு இணையம் என்றால் மோடம்தான். அது கீச்சிட்டும் இரைந்தும் மறுமுனையோடு பேசி முடிக்குமட்டும் வீட்டில் ஒருவரும் தொலைபேசியைத் தொடலாகாது. மிக விரைவான மோடமும் நொடிக்கு 56,000 பிட்டுகளுக்கு மேற் பெறமாட்டாது. ஒரு மெகாபைட் படம் வந்து சேர இரண்டரை நிமிடம் செல்லும். அந்நிமிடங்கள் அனைத்தும் தொலைபேசிக் கட்டணத்தில் ஏறும். ஆயினும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பிள்ளைகளை வைத்திருந்த பெற்றோர்க்கு, வெளிநாட்டு அழைப்பினும் மின்மடலே மலிவாக இருந்தது.

நாம் மாணவராயிருந்த நாளில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நண்பர் ஒருவரின் வீட்டில் நிகழ்ந்தது இது. அவருடைய தங்கையின் பல்கலைக்கழக விண்ணப்பம் அன்று நள்ளிரவுக்குள் மின்மடலிற் சென்று சேர வேண்டும். கணினியில் லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. மோடம் பேசிற்று, இணைப்பும் கிடைத்தது. மடல் மட்டும் போகவில்லை. தந்தையார் தொலைபேசி லைனைக் குறை கூறினார்; தாயார் மழையைக் குறை கூறினார். மூன்று தடவை துண்டித்து மீண்டும் அழைத்தும், கட்டணம் மூன்று தடவை ஏறியதே கண்ட பயன்.

இவ்விடத்தில் உதவுவது 'பிங்' என்னும் சிறு நிரல். மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 1983இல் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியெழுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது போல, ஒரு முகவரிக்குப் பொதியொன்றை அனுப்பி விடைக்குக் காத்திருக்கும். முதலில் தொலைபேசியின் மறுமுனைக் கணினியைக் கேட்டோம், விடை வந்தது. ஆகவே லைனும் மழையும் குற்றமற்றவை. அடுத்து அதற்கப்பால் உள்ளதோர் எண் முகவரியைக் கேட்டோம், மௌனம். (சில கணினிகள் பிங்குக்கு வேண்டுமென்றே விடையளிப்பதில்லை; ஆதலால் இரண்டு மூன்று முகவரிகளைக் கேட்டல் நன்று.) எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு மட்டும் வராதிருப்பின், பெயரை எண்ணாக மாற்றும் சேவையிற் பிழை எனலாம். இங்கோ எண்ணும் போகவில்லை. எனவே வழி அட்டவணையைத் திறந்து பார்த்தோம்.

அவ்வட்டவணையின் ஒவ்வொரு வரியும் 'இன்ன முகவரிகளுக்கு இன்ன வாசல்' என்று கூறும். குறிப்பான வரி இருந்தால் அதுவே செல்லும். எதிலும் அடங்காதவற்றுக்கு 0.0.0.0 என்னும் பொதுவழி. இரண்டு கிழமைக்கு முன் நண்பரின் அண்ணர் வலையட்டையொன்றைப் பொருத்தி, வீட்டின் இரண்டாவது கணினியை இணைத்து, அதன் முகவரியான 192.168.0.1 என்பதையே பொதுவழியாக எழுதியிருந்தார். மோடத்தை இயக்கும் நிரலோ முன்னரே ஒரு பொதுவழி இருக்கக் கண்டால் அதனை மாற்றாது. மாற்றவில்லை என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அவ்வரியை வீட்டில் எவரும் படிக்கவில்லை. விண்ணப்பப் பொதிகள் யாவும் மோடத்தை விட்டு அடுத்த அறைக் கணினிக்குச் சென்று, அங்கே வெளியேற வழியின்றி மடிந்தன.

அந்தப் பொதுவழி வரியை நீக்கி மீண்டும் அழைத்தபோது மடல் சென்றது. மணி பத்தரை. 192.168.0 தொகுதிக்குரிய தனிவரி அட்டவணையில் இருந்தபடியால் இரு கணினிகளின் உறவும் கெடவில்லை.

அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பனியும் 2025 செப்டெம்பர் 30ஆம் நாள் தன் தொலைபேசி இணையச் சேவையை முடித்துக்கொண்டது. ஆயின் பிழை முடிந்தபாடில்லை. மாணவர் மடிக்கணினியில் வீட்டு வைஃபையும் கைத்தொலைபேசி இணைப்பும் ஒருங்கே இருக்கும்போது அதே குழப்பம் நேரக்கூடும். விண்டோஸில் 'ரூட் பிரிண்ட்' என்று கட்டளையிட்டால் வழி அட்டவணை திரையில் வரும், 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள் இரண்டு இருப்பின், எதன் மெட்ரிக் எண் சிறியதோ அதன் வழியே பொதிகள் செல்கின்றன.