இலுப்பை காத்திருக்காது மச்சி!

2019 ஜூன். சென்னையில் ஹாஸ்டல் பசங்க எல்லாம் 'ரெண்டு நாளைக்கு ஒரு குளியல்' என்று டைம் டேபிள் போட்டுத் திரிந்த நேரம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்... நாலு ஏரியிலும் தரை தெரிந்தது. செமஸ்டர் லீவு விட்டதும் 'அப்பாடா, இனிமே தண்ணிப் பிரச்னை இல்லை'ன்னு பையைத் தூக்கிக்கிட்டு நான் போய் இறங்கின இடம் எது தெரியுமா? செங்கல்பட்டு தாண்டி இருக்கிற சித்தப்பாவோட நர்சரி. (எல்.கே.ஜி. இல்லீங்க, செடி நர்சரி!) மொத்தம் ஒன்பதாயிரம் பை. ஒன்பதாயிரத்துக்கும் தாகம்.

கணக்கு சிம்பிள். ஒரு பைக்கு அரை லிட்டர் என்றாலும் நாளைக்கு 4,500 லிட்டர் வேணும். போர் மோட்டாரோ 2,000 லிட்டர் கொடுத்ததும் காத்து இழுக்க ஆரம்பிச்சிடும். லாரித் தண்ணி வாங்கலாம்னா விலை ஏறிக்கிட்டே போகுது. பாதிச் செடியைக் கைவிடணும். எந்தப் பாதி?

நான் பி.காம். ரெண்டாம் வருஷம். விடமாட்டோம்ல! கால்குலேட்டரைத் தட்டினேன். குரோட்டன்ஸ், அரிக்கா பாம் எல்லாம் ஒரு தொட்டி எண்பது, நூறு ரூபாய்க்குப் போகும். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பைக் கன்னு பதினைஞ்சு ரூபாய். அதுக்கும் பேரம் பேசுவாங்க. "சித்தப்பா, நாட்டு மரத்தை எல்லாம் விட்டுடுங்க. குரோட்டன்ஸைக் காப்பாத்துவோம்" என்றேன், ஆடிட்டர் தோரணையில்.

சித்தப்பா பீடியை அணைச்சுட்டு நிதானமா கேட்டார். "குரோட்டன்ஸ் போச்சுன்னா கடியத்துக்கு ஒரு போன் போட்டா அடுத்த வாரம் லோடு வந்து நிக்கும். இலுப்பை போச்சுன்னா எவனுக்குடா போன் போடுவே?"

கடியம் என்பது ஆந்திராவில், ராஜமுந்திரி பக்கத்து ஊர். கோதாவரித் தண்ணியில் ஊரே நர்சரியா நிற்கும். நம்ம ஊர் ரோட்டோர நர்சரிகளில் பளபளன்னு இருக்கிற அழகுச் செடிகளில் நிறைய அங்கே இருந்து லாரி ஏறி வந்தவைதான். எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. வாகை, புளி மாதிரி கெட்டித் தோல் விதைகளை டப்பாவில் போட்டு அடுத்த வருஷம்கூட விதைக்கலாம். வாகைக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வைத்தியம் செஞ்சா போதும். ஆனா வேம்பு, நாவல், இலுப்பை அப்படி இல்லை. பழம் விழுந்த சில வாரங்களில் உயிர் போயிடும். கீழே விழுந்ததும் மழை வரும், முளைச்சுக்கலாம் என்கிற நம்பிக்கையில் வளர்ந்த ஜாதி. அதுங்க பழுக்கிறது எப்போ? ஜூன், ஜூலை! அதாவது நர்சரிக்காரன் கையில் சொட்டுத் தண்ணி இல்லாத நேரம் பார்த்து விதை வந்து நிக்கும். அந்த மாசம் கடையைச் சாத்தினா ஒரு வருஷக் கன்னு காலி. அது யாருக்கும் அப்போ தெரியாது. அடுத்த ஐப்பசியில் மரம் நட வர்றவங்களுக்குத்தான் தெரியும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் 'எது எடுத்தாலும் 30 ரூபாய்' போர்டோடு ரெண்டு நாள் வெயிலில் நின்னேன். கார்காரங்க அள்ளிக்கிட்டுப் போனாங்க. மிச்சம் இருந்த குரோட்டன்ஸை ஸ்கூலுக்கும் தெருவுக்கும் சும்மாவே கொடுத்தோம். சித்தி முகத்தைப் பார்க்கவே முடியலை. சீட்டுப் பணம் கட்ட வெச்சிருந்த சரக்கு அது.

அப்புறம் ஆரம்பிச்சது நிஜ வேலை. ஒரு அடி ஆழத்துக்குப் பள்ளப் பாத்தி வெட்டி, பைகளை இடைவெளி இல்லாம நெருக்கி அடுக்கினோம். மேலே பச்சை நிழல் வலை. பையின் வாயில் காஞ்ச இலைகளைப் போட்டு மூடினோம். தண்ணி விடியற்காலையில் மட்டும், பூவாளியில். தென்னை நார்க் கழிவு தண்ணியைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வெக்கும், ஆனா அதில் உப்பு இருக்கும், கழுவித்தான் மண்ணோடு கலக்கணும். கழுவவே தண்ணி வேணுமே! கழுவின உப்புத் தண்ணியை வீணாக்காம தென்னைக்கு ஊத்தினார் சித்தப்பா. தென்னை அதைத் தாங்கும்.

விதைக்கப் பை? என் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்து மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போன பால் கவர்கள். அடியில் ரெண்டு ஓட்டை போட்டா பை ரெடி. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மூக்கைப் பொத்தினதைச் சொல்லணுமா என்ன?

செம்பேன் வந்துச்சு. வெயிலும் வறட்சியும்னா அதுக்குக் கல்யாண விருந்து. சாதாரணமா இலைக்கு அடியில் தண்ணியைப் பீய்ச்சினாலே ஓடிடும். தண்ணிக்கு எங்கே போறது? லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும் தெளிச்சோம். வெயிலில் அடிச்சா இலை வெந்துடும்.

பெரிய கன்னுகளுக்குத் தினம் விடுறதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். வாடுது, பாவமா இருக்குன்னு நான் திருட்டுத்தனமா ஒரு மக் ஊத்தப்போய் மாட்டிக்கிட்டேன். "இங்கேயே சொகுசா வளர்த்தா வெளியே போனதும் முதல்ல சாகறது அதான்டா" என்றார். ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம் அம்மாவுக்கு நான் போன் போட்டு அழுதது ஞாபகம் வந்தது. பேசாம மக்கைக் கீழே வெச்சேன்.

இப்போ என் லட்சணத்தையும் சொல்லிடறேன். ஜூன் 20-ம் தேதி சென்னையில் மழை. கிட்டத்தட்ட 200 நாள் கழிச்சு! டி.வி.யில் ஜனங்க நனைஞ்சு ஆடுறாங்க. எங்களுக்குத் தூறலோடு சரி. அன்னிக்குத்தான் சித்தப்பா பழைய கோயில் மரத்தடியில் பொறுக்கின முந்நூறு இலுப்பை விதையைக் கையில் கொடுத்து, "சாயங்காலமே ஊனிடு"ன்னு சொல்லிட்டு வெளியூர் கல்யாணத்துக்குப் போனார். என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? 'இங்கேயும் மழை வரட்டும், தண்ணி மிச்சம்'னு பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரண் மேல போட்டேன். மறந்தும் போயிட்டேன். ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்குத் தண்ணி ரயில் விட்டாங்களே, ஜூலை 12, அந்த நியூஸ் பார்க்கும்போதுதான் பக்குனு ஆச்சு. பிரிச்சுப் பார்த்தா பூஞ்சணம் வாடை.

சித்தப்பா திட்டவே இல்லை. அதான் தாங்க முடியலை. முந்நூறையும் ஊனினார். முளைச்சது பதினொண்ணு.

ஒன்பதாயிரத்தில் அந்த வருஷம் தேறினது நாலாயிரத்துச் சொச்சம். அந்தக் கோடையில் விதைச்ச வேம்பும் நாவலும் பாதிக்கு மேல் பிழைச்சு, 2020 ஐப்பசியில் வித்துப்போச்சு. சித்தி சீட்டு முடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆச்சு. பதினொரு இலுப்பையில் ஒண்ணை நான் கேட்டு வாங்கி வந்து காலேஜ் கேன்டீன் பின்னால் நட்டேன். டீ கிளாஸ் கழுவற தண்ணிதான் அதுக்கு. இப்போ என்னைவிட உயரம். பூக்க இன்னும் பல வருஷம் ஆகும்.

ஜூன் பிறந்தா சித்தப்பாகிட்ட இருந்து தவறாம போன் வரும். "பழம் விழ ஆரம்பிச்சிடுச்சுடா. இன்னிக்கே கிளம்பி வா. பிளாஸ்டிக் கவர் மட்டும் எடுத்துட்டு வராதே!"