பசி சுரக்கவைக்கும் மருந்து

முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் சேர்மத்தை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாப் பேரினமே, இயற்கையிலிருந்து கிடைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுள் பெரும்பகுதிக்குப் பிறப்பிடமாகும். 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் காசநோய் மருந்தும் இப்பேரினம் தந்ததே. உணவு நிறைந்திருக்கும்போது தன் வளர்ச்சியிலேயே முனையும் இவ்வுயிர், பசி நெருங்கும்போதுதான் இத்தகைய நஞ்சுகளைச் சுரக்கத் தொடங்குகிறது.

பூஞ்சையைப் போல நூலிழைகளாய் மண்ணுக்குள் பரவும் இதனால், இரைதேடி வேறிடம் செல்ல இயலாது. ஆகவே உணவு தீரும்போது பழைய இழைகளுள் ஒரு பகுதி தன்னைத்தானே கரைத்துக்கொள்ள, அதிலிருந்து கசியும் சத்தை உண்டு புதிய இழைகள் மேலெழுந்து, வறட்சியைத் தாங்கும் வித்துகளாக மாறுகின்றன. கசியும் அந்தச் சத்தை நாடி வரும் பிற பாக்டீரியாக்களைத் தடுக்கும் காவலாகவே நுண்ணுயிர்க்கொல்லி அவ்வேளையில் சுரக்கிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பசியை இவ்வுயிர் பல வழிகளில் உணர்கிறது. புரதம் கட்டும் ரைபோசோமுக்கு அமினோ அமிலம் வந்து சேராதபோது பிபிஜிபிபி என்னும் சிறு மூலக்கூறு பெருகி, வளர்ச்சியைத் தணித்து மருந்தாக்கத்தைத் தூண்டுகிறது; பாஸ்பேட் குறைந்தால் அதை உணரும் தனிப் புரதங்கள் செயற்படுகின்றன. மூன்றாவது வழி வியப்புக்குரியது. பாக்டீரியாவின் செல்சுவரில் அமைந்துள்ள என்-அசிட்டைல்குளுக்கோசமின் என்னும் சர்க்கரை, சுவர் கரையும்போது வெளிப்பட்டு, மீண்டும் செல்லுக்குள் புகுந்து மாற்றமடைந்து, மரபணுக்களைப் பூட்டிவைத்திருக்கும் டாஸ்ஆர் என்ற புரதத்தின் பிடியைத் தளர்த்துகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர் என்ற இனத்தில் இப்பூட்டு திறந்தால் ஆக்டினோரோடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஊறி, வளர்தட்டின் அடியெங்கும் நீலம் பரவுவதைக் கண்ணாலேயே காணலாம். அதே சர்க்கரை உணவு மிகுந்த சூழலில் சேர்க்கப்பட்டாலோ மருந்தாக்கம் தடைப்படுகிறது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, ஒரே பொருளைச் சூழலுக்கேற்ப இருவேறு செய்திகளாக இவ்வுயிர் படித்தறிகிறது.

2002இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலரின் முழு மரபணுத்தொகை வெளியானபோது, நுண்ணுயிர்க்கொல்லி போன்ற சேர்மங்களை ஆக்கவல்ல மரபணுக் கொத்துகள் இருபதுக்கும் மேல் இருப்பதும், அவற்றுள் பல ஆய்வகத்தில் உறங்கியே கிடப்பதும் தெரியவந்தன. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், மண்ணுயிரின் பசிமொழியைக் கற்று அக்கொத்துகளை எழுப்புவது, புதிய மருந்துகளைத் தேடுவோர் தவறாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.