நூல் பிடித்த வழி

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவன்)

தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நம் மாவட்டத்தார் பலர் பிழைப்புக்காகச் சென்று வரும் வழி இது. என் தந்தையாரும் அங்கே கொத்து வேலை செய்பவர்தாம்.

2021 ஜனவரியில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா விமானமொன்று பெங்களூருக்கு இடைநில்லாமல் வந்தது. சோயா அகர்வால் தலைமையில் அதை ஓட்டி வந்த விமானிகள் அனைவரும் பெண்கள். வட துருவத்தின் வழியே வந்தார்கள் என்று செய்தியில் கேட்டதும் தந்தையார், "அமெரிக்கா என்ன வடக்கேயா இருக்குது? எதுக்குடா அத்தனை மேலே சுத்திக்கிட்டு வர்றாங்க?" என்றார். பள்ளி மாணவனான நான் விழித்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பத்தில் படித்தவர் வேறு யாருமில்லை.

இப்போது விடை சொல்ல முடிகிறது. குற்றம் சுவரில் தொங்கும் தட்டைப் படத்தினுடையது. உருண்டையைத் தட்டையாக விரித்தால் துருவப் பகுதிகள் இழுபட்டு அகன்றுவிடும். குறுக்குவழியே சுற்றுவழிபோல் தோன்றும். உண்மையில், இரண்டு ஊர்களையும் பூமியின் மையத்தையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் கோடே மிகக் குறுகிய வழி. அதற்குப் பெருவட்டம் என்று பெயர்.

இவ்விரு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ 160 பாகை. கணக்கிட்டால் மையக் கோணம் 125.8 பாகை வருகிறது. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம், தொலைவு சுமார் 14,000 கிலோமீட்டர். இவ்வழி வடக்கே 71 பாகை அட்சரேகை வரை ஏறி இறங்குகிறது. துருவத்தின் மேலேயே சென்றாலும் 370 கிலோமீட்டர்தான் கூடுதல்.

அந்தக் கூடுதல் ஏன்? தொலைவு வேறு, நேரம் வேறு. நடு அட்சரேகைகளில் உயரே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. மேற்கு நோக்கி வரும் விமானம் அதற்கு எதிர்நீச்சல் போட வேண்டும். காற்று குறைந்த வடக்கே சென்றால், தூரம் சற்றுக் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகலாம்.

அவ்விமானம் 9-ஆம் நாள் இரவு புறப்பட்டு 11-ஆம் நாள் விடியுமுன் வந்தது. ஆனால் பறந்தது சுமார் 17 மணி நேரமே! குளிர்காலத்தில் அந்நகரின் கடிகாரம் நம்முடையதைவிடப் பதின்மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். அங்கே 9-ஆம் நாள் இரவென்றால் இங்கே 10-ஆம் நாள் காலை.

சென்ற விடுமுறையில் ஒரு பூசணிக்காயில் இரண்டு ஊர்களுக்கும் சுண்ணாம்பால் பொட்டு வைத்து, தந்தையாரிடம் கொடுத்தேன். தம் வேலைப் பையிலிருந்து நூலை எடுத்து இரண்டு பொட்டுகளுக்கும் இடையே இழுத்துப் பிடித்தார். நூல் தானாகவே காம்புப் பக்கம் ஏறி நின்றது. "அட, நாங்க சுவருக்கு நூல் புடிக்கிறது மாதிரிதானே!" என்று சிரித்தார்.

நண்பர்களே, தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைவிட அந்தச் சிரிப்பே நான் படித்ததற்குச் சான்று என்று கருதுகிறேன்.