டிஎச்சிபி

டிஎச்சிபி என்பது, கணினி வலையமைப்பில் இணையும் கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் நெறிமுறை ஆகும். இம்முகவரி பொதுவாக நிரந்தரமாகக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகவே தரப்படுகிறது.

வரலாறு

தொடக்கத்தில் ஒவ்வொரு கணினியிலும் முகவரியைக் கையால் பதிய வேண்டியிருந்தது. இரு கணினிகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் இணைப்பு தடுமாறும். 1985இல் வந்த பூட்பி நெறிமுறை முகவரியை வலையமைப்பு வழியே அனுப்பியது. ஆனால், எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்ற பட்டியலை நிர்வாகி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 1993இல் வெளியான டிஎச்சிபி இக்குறையை நீக்கியது. 1997இல் அதன் வரையறை திருத்தி வெளியிடப்பட்டது.

செயல்படும் முறை

முகவரி பெறுதல் நான்கு செய்திகளில் முடிகிறது.

1. தேடல்: புதிய கருவிக்குத் தன் முகவரியும் தெரியாது, வழங்கியின் முகவரியும் தெரியாது. எனவே 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, அனைவருக்கும் கேட்கும்படி விண்ணப்பிக்கிறது.
2. முன்வைப்பு: வழங்கி, தன் தொகுப்பில் காலியாக உள்ள ஒரு முகவரியை முன்வைக்கிறது.
3. கோரிக்கை: அதையே ஏற்பதாகக் கருவி அறிவிக்கிறது. இதுவும் பொதுவாகவே அனுப்பப்படுவதால், வேறு வழங்கிகள் முன்வந்திருந்தால் அவை விலகிக்கொள்ளும்.
4. ஒப்புதல்: முகவரி, குத்தகைக் காலம், திசைவி மற்றும் டிஎன்எஸ் வழங்கியின் முகவரிகள் ஆகியவற்றை வழங்கி உறுதி செய்கிறது.

குத்தகைக் காலம்

வழக்கமாகக் காலத்தின் பாதி கழிந்ததும், முகவரி தந்த வழங்கியிடமே கருவி புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையெனில், 87.5 விழுக்காடு கழிந்தபின் எந்த வழங்கியையும் கேட்கும். காலம் முடிந்தால் முகவரியைக் கைவிட வேண்டும்.

192.168.1.1 முதல் 192.168.1.254 வரையுள்ள முகவரிகளில் திசைவிக்கு ஒன்று போக, மீதி 253. மக்கள் வந்துபோகும் நூலகத்தில் ஒரு நாள் குத்தகை விட்டால், வெளியேறியவர்களின் முகவரிகளும் முடங்கிக் கிடக்கும். புதிதாக வருபவருக்கு முகவரி இராது. அங்கே ஒரு மணி நேரக் குத்தகை பொருத்தமானது.

முகவரி கிடைக்காதபோது

பதில் வராவிட்டால், பல கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே இட்டுக்கொள்ளும். வைஃபை இணைந்தும் இணையம் வராதபோது இவ்வெண்ணைக் கண்டால், முதலில் சோதிக்க வேண்டியது டிஎச்சிபி வழங்கியையே.

பாதுகாப்பு

அடிப்படை டிஎச்சிபியில், பதில் தருவது உண்மையான வழங்கிதானா என்று கருவி சரிபார்ப்பதில்லை. அதே வலையமைப்பில் நுழைந்த ஒரு போலி வழங்கி, தன்னையே திசைவியாகக் காட்டிப் பயனரின் தரவைத் தன் வழியே திருப்பிவிட முடியும். இதைத் தடுக்க, நிறுவனங்களில் குறிப்பிட்ட இணைப்புத் துளைகளிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களை மட்டும் அனுமதிக்குமாறு சுவிட்சுகளை அமைக்கின்றனர்.