மிளகுக் கணக்கும் சி மொழி நிரலும்

கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியில் மிளகு வாணிபம் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957-இல் தோன்றியதும் இவ்வூரிலேயாகும். பச்சை மிளகு 100 கிலோவை உலர்த்தினால் ஏறத்தாழ 33 கிலோ கருமிளகு கிடைக்கும். எனவே 500 கிலோவிற்கு 165 கிலோ. பள்ளிச் சிறுவனும் கூறக்கூடிய இவ்விடையைக் கேட்டால், கணிப்பொறி சில சமயம் பூஜ்யம் என்று பதிலளிக்கும். கணிப்பொறியில் பழுது ஏதுமில்லை. நிரல் எழுதியவரின் கவனக்குறைவே காரணம்.

சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் உருவாக்கினார். அதில் எழுதப்படும் நிரல் வெறும் எழுத்துக் கோப்பே. கணிப்பொறிக்கு அது நேரே விளங்காது. கம்பைலர் என்னும் மொழிமாற்றி அதனை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது; பின்னர் லிங்கர் என்னும் இணைப்பி, அச்சிடுதல் போன்ற பணிகளுக்கான ஆயத்தப் பகுதிகளை அவற்றோடு சேர்க்கிறது. 1987-இல் வெளியான ஜி.சி.சி. என்னும் மொழிமாற்றி விலையின்றிக் கிடைப்பது. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கப்பெற்ற கேரளத்தில், பள்ளிகள் பின்னர்க் கட்டற்ற மென்பொருளையே பெரிதும் கைக்கொண்டமையால், அங்குள்ள ஆசிரியர்களுக்கு லினக்ஸும் இத்தகைய கருவிகளும் புதியனவல்ல.

வேறு பெயர் குறிப்பிடாவிடில், ஜி.சி.சி. தான் ஆக்கிய கோப்பிற்கு ஏ.அவுட் என்று பெயரிடும். லினக்ஸில் அதனை இயக்கும்போது பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இடுதல் வேண்டும். இதனை மறந்து, நிரலே உருவாகவில்லை என மாணவர் மயங்குவதுண்டு. அரைப்புள்ளி ஒன்று விடுபட்டாலும் பல பிழைச் செய்திகள் தோன்றக்கூடும். முதற் செய்தியை மட்டும் படித்துத் திருத்தி, மீண்டும் மொழிமாற்றம் செய்வதே தக்க முறை. எஞ்சியவை பெரும்பாலும் தாமே மறைந்துவிடும்.

ஆனால் மிளகுக் கணக்கில் நேரும் பிழை இத்தகையதன்று. 33-ஐ 100-ஆல் வகுத்து 500-ஆல் பெருக்குமாறு எழுதினால், ஜி.சி.சி. முறையீடு ஏதுமின்றி ஏற்றுக்கொள்ளும். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி கைவிடப்படும். ஆகவே முதலிற் கிடைப்பது பூஜ்யம். அதனை எதனாற் பெருக்கினும் பூஜ்யமே. எடையை 500.0 என்று எழுதினாலும் பயனில்லை. வகுத்தல் அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. 33.0 என்று எழுதினாலோ, அல்லது பெருக்கலை முன்னே வைத்தாலோ, 165 கிடைக்கும். எச்சரிக்கைகளைக் காட்டுமாறு வால் என்னும் விருப்பத்தைச் சேர்த்தாலும் இப்பிழை வெளிப்படாது. பதின்ம எண்ணை முழு எண்ணுக்குரிய குறியீட்டால் அச்சிடும் தவற்றை அது சுட்டிக்காட்டும்.

எனவே வகுப்பில் இந்நிரலைச் செய்துகாட்டும் ஆசிரியர், முதன்முதலாக 100 கிலோவையே எடையாக இட்டு இயக்குதல் நலம். திரையில் 33 வாராவிடில் பிழை அப்போதே தெரிந்துவிடும். 500-ஐ அதன் பின்னரே இடலாம்.