பூகம்பங்களின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும்

'அதிதி' என்னும் சொல்லுக்கு, வரும் திதியை முன்னறிவிக்காமல் வருபவர் என்று பொருள் கூறுவர். பூகம்பமும் அத்தகையதே, ஆனால் எவரும் விரும்பாத அதிதி. 1950-இல் அஸ்ஸாமிலும், 1993-இல் லாத்தூர்ப் பகுதியிலும், 2001-இல் கட்சிலும் அது நேர்ந்த விதத்தை அம்மாநிலங்களில் வாழும் நம்மவர் அறிவர். இத்தகைய நிகழ்ச்சிகளின் போக்கில் ஏதேனும் ஒழுங்கு உண்டா?

ஓர் ஒழுங்கு உண்டு. கூட்டன்பர்க், ரிக்டர் என்னும் இருவர் 1944-இல் அதனை வகுத்துரைத்தனர். பூகம்ப அளவு ஓர் எண் குறைந்தால், அதிர்ச்சிகளின் தொகை ஏறத்தாழப் பத்து மடங்கு பெருகும். ஓரிடத்தில் பதிவான நூறு அதிர்ச்சிகளை அளவு வாரியாகப் பிரித்தால், சிறியவை 90, நடுத்தரமானவை 9, பெரியது 1 என்னும் முறையில் அவை அமையும்.

இவ்விகிதம் மாறுகிறதா என்பதை ஒரே எண்ணால் காட்ட உதவுவது 'என்ட்ரோபி' என்னும் அளவு. 1865-இல் கிளாசியஸ் உஷ்ண இயலில் இச்சொல்லைப் படைத்தார்; 1948-இல் ஷானன் செய்தித் தொடர்பு இயலில் இதற்குப் புதுப் பயன் கண்டார். வாரத்தின் ஏழு நாட்களுள் எந்நாளிலும் விருந்தினர் வரக்கூடுமாயின் நமது ஐயம் மிகுதி, என்ட்ரோபியும் மிகுதி. ஞாயிறன்று மட்டுமே வருவாராயின் ஐயமே இல்லை, என்ட்ரோபி பூஜ்யம். ஷானனின் கணக்குப்படி, மேற்சொன்ன 90, 9, 1 என்னும் பகுப்புக்கு என்ட்ரோபி ஏறத்தாழ 0.52 ஆகும். அதுவே 80, 16, 4 என மாறினால் 0.87 ஆக உயரும். பெரிய அதிர்ச்சிகளின் பங்கு கூடுகிறது என்பதை இவ்வுயர்வு உணர்த்துகிறது. இடத்தைக் கொண்டு கணக்கிட்டால், பரவலாக நிகழ்ந்த அதிர்ச்சிகள் ஒரே கோட்டில் குவியும்போது என்ட்ரோபி குறையும்.

இதனால் அறிய விரும்புவது யாது? இரும்பைக் காய்ச்சினால் 770 டிகிரி சென்டிகிரேடு அளவில் அதன் காந்தத் தன்மை மறைகிறது. அந்நிலையை நெருங்கும்போது, ஓரிடத்தில் தோன்றும் சிறு மாறுதலும் நெடுந்தூரம் பரவக்கூடும். இதனை மாறுநிலை என்பர். பாறைகளில் ஆண்டுக்கணக்கில் இறுக்கம் சேரும் நிலமும் இத்தகைய நிலையை அடைகிறது என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. அந்நிலையில் ஒரு சிறு முறிவு அவ்வளவில் நின்றுவிடலாம். பெரும் பிளவாகவும் வளரலாம்.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம் மகாராஷ்டிரத்தின் கொய்னா. அங்கு 1962-இல் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபின் சிற்றதிர்ச்சிகள் பதிவாயின. 1967 டிசம்பர் 11 அன்று, பொழுது விடியுமுன், 6-க்கு மேற்பட்ட அளவுள்ள பூகம்பம் நேர்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின்னும் பல்லாண்டுகளாகச் சிறு பரப்புக்குள்ளேயே அதிர்ச்சிகள் தொடர்ந்து வருகின்றன. நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி அவை சில மாதங்களில் மிகுகின்றன. ஆகவே, பன்னிரு மாதங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் கிடைக்கும் என்ட்ரோபியைவிட, உண்மையில் காணும் என்ட்ரோபி குறைவாக இருக்கும். அக்குறைவே அங்குள்ள ஒழுங்கின் அளவு.

எனினும் எச்சரிக்கை வேண்டும். கருவிகள் சிற்றதிர்ச்சிகள் சிலவற்றைப் பதிவு செய்யத் தவறினாலே என்ட்ரோபி பொய்யாக உயர்ந்து காட்டும். பெரும் பூகம்பங்களுக்கு முன் காணப்பட்டனவாகக் கூறப்படும் மாறுதல்களுள் பெரும்பாலானவை, பூகம்பம் நேர்ந்தபின் பழைய பதிவுகளைப் புரட்டிக் கண்டவையே. நாளும் இடமும் அளவும் குறித்து நம்பகமாக முன்னுரைக்கும் முறை இன்றுவரை இல்லை. இன்ன நாளில் பூகம்பம் வரும் என்று எவரேனும் உரைத்தால் அதனை நம்பி மனம் கலங்க வேண்டியதில்லை.

நிலத்தின் நிலையை அறிய என்ட்ரோபி உதவலாம்; இடிபாட்டிலிருந்து நம்மைக் காப்பது உறுதியான கட்டடமே. வெளிமாநிலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கும் அன்பர்கள், தண்ணீர் வசதியை விசாரிப்பதுபோல் கட்டடத்தின் உறுதியையும் விசாரித்தல் வேண்டும். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைத்து வைத்தலும், அதிர்ச்சியின்போது உறுதியான மேசையின்கீழ் ஒதுங்குமாறு குழந்தைகளைப் பழக்குதலும் நம்மால் இன்றே செய்யக்கூடியவை. திதி சொல்லாமல் வரும் இந்த அதிதிக்கு எந்நாளும் ஆயத்தமாயிருத்தலே அறிவுடைமை.